ஏழாம் எண் நாக்கு

"மழை" என்று மூன்று முறை சொல்லி முடித்ததும் காக்கா தண்ணீர் கேட்டார். காகிதக் குவளையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தவருக்குப் புரையேறிவிட்டது. சாதாரணப் புரை இல்லை. கண் இரண்டும் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தாடைக்குக் கீழே நான் பூசியிருந்த ஜெல் சட்டைக் காலர்வரைக்கும் வழிய, இரண்டு நிமிடம் இருமினார். "யாரோ நெனைக்கிறாங்க" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டினேன். "மச்சியாத்தான் இருக்கும். ஏதாச்சும் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பாங்க, நீங்க மறந்திருப்பீங்க." காக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பும் இருமலாகத்தான் வந்தது. நான் குவளையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பதிவுத்தாளில் நேரத்தைக் குறித்து, "இடையூறு: இருமல், இரண்டு நிமிடம்" என்று எழுதினேன். அது ஐந்தாவது அமர்வு, போன ஜூலையில்.

எழுதிய அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது இப்போது.

அண்ணனைத்தான் காக்கா என்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் அண்ணன் காக்கா, அண்ணன் மனைவி மச்சி. இதைக் கேட்டு எங்கள் ஆய்வகத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "உன் காக்கா பறந்து வந்துருச்சா?" என்பார் பேராசிரியர் பிரபாகர். அவரிடம்தான் எனக்கு வேலை. பல்கலைக்கழகத்து ஒலியியல் ஆய்வகத்தில் உதவியாளர் என்று என் அட்டையில் போட்டிருக்கும். செய்கிற வேலை, ஆட்களை உட்காரவைத்து, தாடைக்குக் கீழே ஸ்கேன் கருவியைப் பிடித்து, அவர்கள் பேசும்போது நாக்கு எப்படி அசைகிறது என்று படம் எடுப்பது. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அதே கருவிதான். நாங்கள் பார்ப்பது ழ.

உலகத்தில் அதிகம் பேர் வாயில் புழங்காத ஒலி அது. நாக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தை நோக்கிப் போக வேண்டும், ஆனால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ள. போகவே சோம்பல்பட்டால் ய. தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. சீனர்கள் மனிதனை 'ரென்' என்பார்களே, அதன் முதல் ஒலி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. மலாயில் கிடையவே கிடையாது. சிங்கப்பூர்த் தமிழர்களில் ழவை ழவாகச் சொல்லும் ஆளைத் தேடுவது ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் கார் நிறுத்த இடம் தேடுவது மாதிரி. பிள்ளைகளுக்கெல்லாம் மழை 'மளை'தான். இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் ஆய்வு. நாற்பது பேர், ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு அமர்வு. சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு நான் எண் போட வேண்டும்: ழ என்றால் ஒன்று, ள என்றால் இரண்டு, மற்றதெல்லாம் மூன்று. யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். காக்கா ஏழு.

அவரை நான்தான் இழுத்துவந்தேன். அஹமது கபீர், வயது ஐம்பத்து மூன்று, ஜாலான் புசாரில் பூட்டும் கீலும் குழாயும் விற்கும் கடை. மூன்று மொழிகள் அந்த வாயில் ஓடும், ஒன்றோடு ஒன்று இடிக்காமல். வீட்டில் தமிழ், மொத்த வியாபாரிகளிடம் சீனம், தொழுகையில் அரபி, அதுவும் மதரசாவில் ஓதிப் பழகிய சுத்தமான அரபி. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தமிழில் அறிவிப்பு வாசிப்பவர் அவர்தான். 'கிழமை' என்று அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதல் அமர்வில் அறுபது சொல்லுக்கும் ஒன்று போட்டேன். பிரபாகர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த நாக்க மியூசியத்துல வைக்கணும் நஃபீசா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் அமர்வில் நான்கைந்து சொல்லுக்கு இரண்டு விழுந்தது. மூன்றாவதில் பாதிக்குப் பாதி. ஆறே மாதத்தில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆள், உறுதியான ழவிலிருந்து ளவுக்கு நகர்கிறார்! பிரபாகர் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். வளர்ந்த மனிதர்களின் ஒலிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கண்ணெதிரே பிடித்துவிட்டோம். கட்டுரையின் நடுநாயகம் ஏழாம் எண். அந்தப் பகுதியை எழுதியவள் நான். அவர் குடும்பம் காத்தோங்கிலிருந்து பிடோக் அடுக்குமாடிக்குக் குடிமாறியதையும், அக்கம்பக்கத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டதையும் காரணமாகக் காட்டி ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி என்று பாராட்டு வேறு.

அந்த மூன்றாவது அமர்வில் காக்கா சொன்னதை மட்டும் நான் கட்டுரையில் எழுதவில்லை.

"நாக்கு கனக்குது புள்ள. வாய்க்குள்ள துணி வச்ச மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டவா?"

"இதுக்குப் போயி டாக்டரா? அப்படிப் பார்த்தா சிங்கப்பூர்ல பாதிப் பேர ஆஸ்பத்திரியிலதான் படுக்க வைக்கணும் லா. எல்லாம் சோம்பேறித்தனம் காக்கா. நாக்க நல்லா மடிச்சுப் பேசிப் பழகுங்க."

அவருக்கு என் மேல் நம்பிக்கை. நாக்கைப் பற்றிப் படித்த தங்கச்சி சொல்கிறாள் அல்லவா? டாக்டரிடம் போகவில்லை.

இதற்கிடையில் வீட்டில் கல்யாணக் களை. அவருடைய ஒரே மகள் அஃப்னாவுக்கு டிசம்பரில் நிகாஹ் என்று முடிவானது. பெண்ணைக் கொடுக்கும் வாசகத்தைத் தகப்பன் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் நிகாஹ் நடத்திவைக்கும் காழியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். காக்கா ஒரே பிடியாக நின்றார். "என் புள்ளைய நான் ஏன் இன்னொருத்தர் வாயால கொடுக்கணும்? நானே கொடுப்பேன்." அஃப்னா பிறந்த அன்று அவள் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்ன வாய் அது, அந்த உரிமை அவருக்கு இருக்கிறது என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

ஐந்தாவது அமர்வு முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோன எங்கள் வாப்பாவுக்கு வருஷ ஃபாத்திஹா. பிடோக் வீட்டில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் கூடத்தில் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் உள்ளறையில், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். அடுப்பிலிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்துகொண்டிருந்தது. காக்கா ஓத ஆரம்பித்தார்.

அரபியில் ஓர் எழுத்து உண்டு. தமிழில் எழுதும்போது அதற்கும் ழ போட்டுவிடுவோம்; ரமழான் என்று எழுதுகிறோமே, அது. வாயில் வரும்போது அது ழ இல்லை. நாக்கின் ஓரத்தை மேல் கடைவாய்ப் பல்லில் அழுத்திக் கனமாகக் கொண்டுவர வேண்டும். அரபிக்காரர்களே தங்கள் மொழியை அந்த எழுத்தின் மொழி என்று பெருமையடித்துக்கொள்வார்கள். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவின் கடைசி வசனத்தில் அது இரண்டு முறை வரும். காக்கா நாற்பது வருஷத்துக்கு மேலாக, தினம் ஐந்து வேளையும் ஓதுகிற வசனம். பிடோக்கும் காத்தோங்கும் அதை ஒன்றும் செய்ய முடியாது. அக்கம்பக்கத்தில் யாரும் அவரோடு அரபியில் பேசுவதில்லை.

ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பது என் தொழில். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வசனம் வந்தது. முதல் இடத்தில் அந்த எழுத்து குழைந்தது. இரண்டாவதில், 'வலழ்ழால்லீன்' என்று நாக்கு அழுந்த வேண்டிய இடத்தில், ஒன்றுமே அழுந்தவில்லை. ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவது மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் ஆமீன் என்றார்கள்.

யா அல்லாஹ். ஒரு மொழியில் ஓர் ஒலி தேய்ந்தால் அது மொழியின் சங்கதி. இரண்டாவது மொழியிலும் சேர்ந்து தேய்ந்தால் அது நாக்கின் சங்கதி. முதல் வருஷத்து மாணவனுக்குத் தெரிய வேண்டியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாப்பாடு பரிமாறும் சாக்கில் மச்சியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். ஷபானா மச்சி வாயைத் திறந்தால் மூடாதவர். அன்று பாத்திரத்தைத் துடைத்தபடியே மெதுவாகப் பேசினார்.

"ஒங்க காக்காவுக்குத் தூங்குறப்போ எச்சி வடியுது நஃபீ. தெனம் தலவாணி உறை மாத்துறேன். அறிவிப்பு வாசிக்கிறதையும் விட்டுட்டாங்க, தொண்டை கட்டியிருக்காம். ரெண்டு மாசமா ஒரு தொண்டை கட்டுமா? கேட்டா எரிஞ்சு விழுறாங்க."

"என்கிட்ட ஏன் மச்சி சொல்லல?"

"ஒங்ககிட்ட சொல்லாமயா? நீங்கதான பழகச் சொன்னீங்களாம். காலைல ஷேவ் பண்றப்போ கண்ணாடி முன்னால நின்னு 'வாழை, வாழை'ங்கிறாங்க. வரலைன்னா கன்னத்துல அறைஞ்சுக்கிறாங்க."

கூடத்தில் காக்கா கறியைப் பிய்த்துப் பிய்த்து, பல் முளைக்காத பிள்ளைக்குக் கொடுப்பதைப் போலச் சின்னதாக்கி, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாயில் வைத்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஜாலான் புசாருக்குப் போனேன். காக்கா வெளியே போயிருந்தார். பக்கத்துக் கடை ஆ செங், இருபது வருஷமாக அவரோடு காப்பி குடிப்பவர், கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. காக்கா சீனம் எப்படிப் பேசுகிறார் இப்போது என்று கேட்டுவைத்தேன். ஆ செங் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"யூ ஆல்சோ நோட்டிஸ் ஆ?" என்றார். "பிஃபோர், ஹிஸ் சைனீஸ் பெட்டர் தென் மை சன். நவ் 'ரென்' ஆல்சோ கெனாட் சே. லைக் டிரங்க் மேன். பட் ஹி டோன்ட் டிரிங்க், ரைட்?" பிறகு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மை எல்டர் சிஸ்டர், லாஸ்ட் டைம், ஆல்சோ ஸ்டார்ட் லைக் திஸ். யூ பிரிங் ஹிம் சீ டாக்டர். குயிக்."

அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காக்காவின் மூன்று மொழியும் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பி ஏழாம் எண்ணின் மூலப் பதிவுகளைத் திறந்தேன். எங்கள் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஆள் சும்மா இருக்கும் இரண்டு மூன்று விநாடிகளை வெட்டி எறிந்துவிடுவோம். சொல்தான் வேண்டும்; சும்மா இருக்கும் நாக்கை வைத்து யார் என்ன செய்வது? ஐந்து அமர்விலும் நான் வெட்டி எறிந்த அந்த இடைவெளிகளை மட்டும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முதல் அமர்வில் நாக்கு அமைதியாகக் கிடந்தது. இரண்டாவதில், சாம்பல் நிறச் சதைக்குள், ஓர் ஓரத்தில், ஏதோ வெட்டியது. கண் இமை துடிப்பது போல ஒரு துடிப்பு. மூன்றாவதில் நாலைந்து இடங்களில். ஐந்தாவதில் நாக்கு முழுக்க, ஓயாமல், அங்கே ஒன்று இங்கே ஒன்று. அவர் அசைக்கவில்லை. அது அசைந்தது.

இது என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். பேச்சுக் கோளாறுகள் பாடத்தில் ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். சிலருக்கு நாக்கில் ஆரம்பிக்கும். முதலில் பேச்சு, அப்புறம் விழுங்குவது, அப்புறம் மூச்சு. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எத்தனை துஆ கேட்டேன் என்று கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை பிரபாகரிடம் காட்டினேன். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நாம டாக்டர் இல்ல நஃபீசா. நோயப் பத்தி நாம வாயத் திறக்கக் கூடாது, ரூல்ஸ் அப்படி. 'டாக்டரப் பாருங்க'ன்னு மட்டும் லெட்டர் கொடுக்கலாம். இன்னைக்கே கொடுக்கிறேன்." கூடவே, "பேப்பர்லேருந்து ஏழ எடுத்துடுறேன்" என்றார்.

"ஏழு இல்ல சார். எங்க காக்கா."

கத்திவிட்டேன். அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து இரண்டு, இரண்டு, இரண்டு என்று போட்டவள் நான். டாக்டர் வேண்டாம் என்று சிரித்தவள் நான். ஊரார் ழவையெல்லாம் திருத்தித் திரிந்த திமிர், கூடப்பிறந்தவர் வாயில் வந்து நின்ற எமனை ஊர்வழக்கு என்று எழுதிவைத்தது.

கடிதத்தைக் கையில் திணித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை மதியம், கடையை ஆளிடம் விட்டுவிட்டு வரச் சொல்லி, காக்காவை ஆய்வகத்துக்கே வரவழைத்தேன். அமர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறதே என்று கேட்டார். வாங்க என்றேன். சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து ஜெல் தடவினேன். பேசுபவர் பார்த்தால் பேச்சு மாறிவிடும் என்பதால் திரையை எப்போதும் அவர்களுக்கு முதுகு காட்டித்தான் வைப்போம். அன்று அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுதான் ஒங்க நாக்கு."

"இவ்ளோதானா? இத வச்சிக்கிட்டா இத்தன பேச்சு பேசினேன்?" சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"ஒண்ணும் பேசாதீங்க. நாக்கக் கீழ போட்டுட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருந்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். திரையில் சதை துடித்துக்கொண்டே இருந்தது. அவர் கண் ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் ஓடியது.

"நான் அசைக்கலையே புள்ள."

"தெரியும் காக்கா."

"என்னைக்கிலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமையிலேருந்து. ஆனா ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். பார்த்துக்கிட்டே இருந்துட்டு, டாக்டர் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ரூல்ஸாவது மண்ணாவது. வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதையும், அது எதுவாக இருக்கலாம் என்பதையும், எதுவுமாக இல்லாமலும் போகலாம் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அழுவாத. மெஷின்ல தண்ணி பட்டுடப்போவுது."

மறுபடி திரையின் பக்கம் திரும்பினார். பிறகு, "டிசம்பர்?" என்றார்.

"தெரியல காக்கா."

"பேச முடியாதவன் சைகை காட்டினாலும் நிகாஹ் செல்லும்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருக்காங்க." எச்சிலை விழுங்கினார். விழுங்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் சைகை காட்ட மாட்டேன். ரெக்கார்டிங் போடு."

"பதிவு பண்ணி வச்சது செல்லாது காக்கா. அந்த எடத்துல, அந்த நேரத்துல சொல்லணும்."

"செல்லுமான்னா கேட்டேன்? போடு புள்ள."

போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். தாடைக்கு அடியில் கருவியைப் பிடித்திருந்த என் கையில் அவர் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. எதிரே காலி நாற்காலி. மாப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்வதற்காக வலது கையை நீட்டினார்.

"என் மகள் அஃப்னாவை..." என்று தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக, மேட்டில் சுமை ஏற்றுகிறவரைப் போல நின்று நின்று சொன்னார். பாதியில் ஒரு சொல் சரிந்தது. திரும்ப ஆரம்பத்துக்குப் போனார். மறுபடி சரிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். "...நிகாஹ் செய்து கொடுத்தேன்" என்று கடைசியில் ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைக்கவில்லை. அவர் வாயை மூடிய பிறகும் திரையில் அந்தத் துடிப்பு ஓயவில்லை. நீட்டிய கை, காலி நாற்காலிக்கு முன்னால், விரல்கள் விரிந்தபடி அப்படியே நின்றது.